கையில் குச்சி கிடைத்தால் ஏன் எல்லோரும் வட்டம்தான் போடுகிறோம்?

கெடிலக்கரையான் | கடலூர் | ஞாயிறு, இரவு 9.10

வணக்கம். ரொம்ப நாளாக மனசில் கிடந்த கேள்வி. இன்று கேட்டுவிடுகிறேன்.

சாயங்காலம் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன் போனில் பேசிக்கொண்டே செருப்பு நுனியால் மணலைக் கீறிக்கொண்டிருந்தான். வட்டம். நாலடி தள்ளி, சுண்டல் விற்கிற அம்மாவின் மகன் ஐஸ் குச்சியால் கீறினான். அதுவும் வட்டம். புதுசாகக் கல்யாணமான மாதிரி தெரிந்த ஒரு பெண், கணவர் தண்ணீரில் நிற்க, ஒற்றை விரலால் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டிருந்தார். சரி, கிளம்பலாம் என்று எழுந்தால் என் கைத்தடி முனையிலும் ஒரு வட்டம். எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியாது.

நான் 32 வருஷம் நில அளவையில் இருந்தவன். சங்கிலி, கோணக்கட்டை, அளவுக் கல் என்று நேர்க்கோட்டிலேயே சோறு தின்றவன். எவ்வளவு கோணல்மாணலான வயலாக இருந்தாலும் குறுக்கே ஒரு நேர்க்கோடு பிடித்து, அதிலிருந்து பக்கவாட்டில் அளந்துதான் புலப்படம் போடுவோம். வட்டமான வயல் ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்ட என் கை, சும்மா விட்டால் வட்டம் போடுகிறது. கடற்கரையில் பெயர் எழுதுகிறவர்கள் உண்டு, இதயம் வரைகிறவர்கள் உண்டு. அதெல்லாம் நினைத்துச் செய்வது. நினைக்காமல் வருவது வட்டம்தான்.

இது பிறவியிலேயே வருகிறதா, பழக்கமா? பிள்ளைகளோடு இருப்பவர்கள், கைத்தொழில் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


பால்வாடி டீச்சர் | பண்ருட்டிப் பக்கம் | ஞாயிறு, இரவு 9.48

சார், இதற்கு நான் தினமும் கண்ணால் பார்க்கிறதைச் சொல்கிறேன்.

ஒன்றரை வயசில் சாக்பீஸ் கொடுத்தால் முதலில் வருவது கோடு இல்லை, வட்டமும் இல்லை, வெறும் கிறுக்கல். கை முழுக்க இங்கேயும் அங்கேயும் ஆடும். ரெண்டு வயசு தாண்டும்போது அந்த ஆட்டம் சுழல ஆரம்பிக்கும். நூல்கண்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றும். அப்புறம் மூன்று வயசு வாக்கில் ஒரு நாள் நடக்கும், அதைத்தான் சொல்ல வந்தேன். சுற்றிக்கொண்டே வந்த பிள்ளை, ஆரம்பித்த இடத்துக்குக் கோடு வந்து தொட்டதும் கையை எடுத்துவிடும். எடுத்துவிட்டு நம்மைப் பார்க்கும். அந்தப் பார்வையை நீங்கள் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் 'போதும்' என்று நாம் சொல்லித்தான் நிறுத்தும். அன்றைக்குத்தான் அதுவாக நிறுத்துகிறது.

வளர்ச்சி சரியாக இருக்கிறதா என்று பார்க்க டாக்டர்களும் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். மூன்று வயசில் வட்டத்தைப் பார்த்துப் போடும். சதுரம் நாலு வயசுக்கு மேல், முக்கோணம் அஞ்சு வயசு வாக்கில். மூன்று வயசுப் பிள்ளையிடம் சதுரத்தைக் காட்டி 'இது மாதிரி போடு' என்றால் பெரும்பாலும் வட்டத்தைத்தான் போட்டுவிட்டு 'போட்டுட்டேன்' என்று சொல்லும். அதற்கு ரெண்டும் ஒன்றுதான். மூடியிருக்கிறதா, அவ்வளவுதான் கணக்கு. குழந்தைகளின் மன வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே இதை எப்போதோ எழுதி வைத்திருக்கிறார் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நான் அதைப் படிக்கவில்லை. என் பிள்ளைகளிடம் பார்த்தேன்.

அப்புறம் அந்த வட்டத்துக்குள் ரெண்டு புள்ளி வைக்கும். 'அம்மா' என்று சொல்லும். கீழே ரெண்டு கோடு இழுத்தால் அம்மாவுக்குக் கால். உடம்பே கிடையாது, தலையிலிருந்து நேராகக் கால்.


முத்தியால்பேட்டைக்காரன் | புதுச்சேரி | ஞாயிறு, இரவு 10.30

டீச்சர் சொன்னதற்குப் பக்கபலமாக ஒன்று. சான்பிரான்சிஸ்கோவில் சிறு பிள்ளைகளுக்கான பள்ளிகளை நடத்திய ரோடா கெல்லாக் என்ற அம்மையார், பிள்ளைகள் வரைந்த படங்களைச் சுமார் 10 லட்சம் சேர்த்தார். எந்த நாட்டுப் பிள்ளையானாலும் கிறுக்கல், பிறகு மூடிய வடிவம், பிறகு கதிர் வைத்த சூரியன், பிறகு மனிதன் என்ற வரிசையில் போவதாகச் சொன்னார்.

ஆனாலும் நான் கொஞ்சம் மறுப்பு சொல்லத்தான் வந்தேன். உளவியல் படிக்கிறவன், அதனால் 'பிறவி உணர்வு' என்ற வார்த்தையைக் கண்டாலே நின்று பார்ப்பேன். நம் கை தோளில் மாட்டியிருக்கிறது. முழங்கையும் மணிக்கட்டும் கீல்தான். கீலில் மாட்டிய எதை அசைத்தாலும் வளைவுதான் வரும். நேர்க்கோடு போட வேண்டுமானால் தோளும் முழங்கையும் ஒன்றை ஒன்று சரிக்கட்டி ஒத்துழைக்க வேண்டும். அது கஷ்டமான வேலை. மூலை திருப்புவது அதைவிடக் கஷ்டம், கையை நிறுத்தி வேறு திசையில் மறுபடி கிளப்ப வேண்டும். ஆக, வட்டம் ஆசையால் வருவதில்லை, சோம்பலால் வருகிறது என்று ஏன் சொல்லக்கூடாது?

வளைவான பொருள்கள் நமக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம். 2006ல் மோஷே பார், மைட்டல் நேட்டா என்ற இருவர் ஒரே மாதிரியான பொருள்களைக் கூர்மையாகவும் வளைவாகவும் காட்டிப் பார்த்தார்கள். வளைவானதையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். கூர்முனை என்றால் காயம் என்று மூளை நினைக்கிறதோ என்பது அவர்கள் ஊகம். ஆனால் பிடிப்பது ஒன்று, போடுவது ஒன்று.


முந்திரிக்காடு | பண்ருட்டி | திங்கள், காலை 6.15

தம்பி, சோம்பலில் வருகிற வட்டத்தை நான் காலால் போட்டிருக்கிறேன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. ரெண்டு நாள் கழித்து எங்கள் தோப்பைப் பார்க்கப் போனேன். பிறந்ததிலிருந்து நடந்த தோப்பு. எந்த முந்திரிக்குப் பக்கத்தில் எந்தப் பலா என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். போய்ப் பார்த்தால் ஒரு மரம் நிற்கவில்லை. எல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. வானம் முழுக்க மூட்டம். கிழக்கே கிணற்றுக்குப் போகலாம் என்று சாய்ந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். பிளந்து கிடந்த ஒரு பலாவின் கிளையில் என் துண்டைப் போட்டுவிட்டுக் கிளம்பியிருந்தேன், அந்தத் துண்டுக்கே திரும்பி வந்து நிற்கிறேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்று சொல்வோமே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.


முத்தியால்பேட்டைக்காரன் | புதுச்சேரி | திங்கள், காலை 8.02

அண்ணே, உங்களுக்கு நடந்ததை அப்படியே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் டியூபிங்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த யான் சௌமான் குழு, 2009ல் வெளியிட்டது. ஆட்களைப் பெரிய காட்டிலும், துனிசியாவில் சகாரா பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொன்னார்கள். சூரியனோ நிலாவோ தெரிந்தபோது ஓரளவு நேராகப் போனார்கள். மூட்டம் போட்டதும் வட்டமடித்துத் தம் தடத்தையே வெட்டிக்கொண்டு வந்தார்கள், அது தெரியாமலே. கண்ணைக் கட்டிவிட்டால் 20 மீட்டர் விட்டத்துக்குள்ளேயே சுற்றியவர்கள் உண்டு. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பதால் இல்லை. 'நேர்' எது என்று உடம்பு வைத்திருக்கும் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகுகிறது, அந்தப் பிசகு சேர்ந்து சுழலாகிறது என்கிறார்கள்.

வட்டம் போடுவதற்குத் தனியாக எதுவும் தேவையில்லை, நேர்க்கோட்டுக்குத்தான் தூரத்தில் ஒரு குறி வேண்டும். என் கட்சி இதுதான்.


கெடிலக்கரையான் | கடலூர் | திங்கள், காலை 9.25

தூரத்தில் ஒரு குறி. தம்பி, எங்கள் தொழில் முழுக்க அந்த ஒரு வரிதான். கொடிக்கம்பு நட்டு அதைப் பார்த்துத்தான் சங்கிலி இழுப்போம். கம்பு இல்லாமல் 200 மீட்டர் நேராகப் போகச் சொன்னால் எந்த அளவையராலும் முடியாது.

ஆனால் 'சோம்பல்' என்பதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. டீச்சர் சொன்ன பிள்ளை, கோடு மூடியதும் நிமிர்ந்து பார்க்கிறதே. சோம்பல் நிமிர்ந்து பார்க்குமா?


மார்கழி வாசல் | திருப்பாதிரிப்புலியூர் | திங்கள், பகல் 1.40

சமையல் முடித்துவிட்டு இப்போதுதான் படித்தேன். கோலம் போடுகிற யாரும் இதில் இன்னும் வரவில்லையே என்று இருந்தது.

சிக்குக் கோலத்தில் புள்ளி வைத்த பிறகு இழை புள்ளியைத் தொடாது, சுற்றிக்கொண்டு போகும். ஒரு புள்ளிக்கு மட்டும் போட்டால் அது வெறும் வட்டம். எதிர்ப் பக்கத்துப் புள்ளியையும் சேர்த்துப் போட்டால் எட்டு. அப்படியே வளர்ந்து வளர்ந்து 15 புள்ளி ஆனாலும், நல்ல கோலத்தில் ஒரே இழை எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். கடைசி வளைவில் இழை இணையும் நேரம் எனக்கு இப்போதும் மூச்சு நின்று வரும். 40 வருஷமாகப் போடுகிறேன். டீச்சர் சொன்ன பிள்ளையின் பார்வை எனக்குத் தெரியும்.

இழை மூடாமல் ஒரு இடத்தில் விட்டுப்போனால் அன்று முழுக்க உறுத்தும். யாரும் கவனிக்க மாட்டார்கள், தண்ணீர் லாரி ஏறிப்போனால் கோலமே இருக்காது. இருந்தாலும் உள்ளே ஒன்று பாதியில் நிற்கிற மாதிரி இருக்கும். ஆகவே தம்பி, கை வளைவது கீலால் என்றே இருக்கட்டும். மூடச் சொல்வது எது?

இன்னொன்று. இந்த இழைகளுக்கு இலக்கணம் எழுதியிருக்கிறார்கள், கணினி அறிவியலில். மெட்ராஸ் கிறிஸ்டியன் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கூட கமலா கிருத்திவாசன். 1974லேயே கட்டுரை வந்துவிட்டது. என் மகள் பொறியியல் படிக்கும்போது சொன்னாள். வாசலில் நின்று கையில் மாவோடு கேட்டேன், அதனால் மறக்கவில்லை.


உப்பனாறு | கடலூர் முதுநகர் | திங்கள், இரவு 8.20

எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்தது வலைதான்.

வீச்சுவலையை எறிவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தைச் சுற்றி ஈயக் குண்டு கட்டியிருக்கும். ஒரு பகுதியை இடது முழங்கையில் போட்டுக்கொண்டு, ஓரத்தில் ஒரு இடத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியை வலது கையில் வைத்து, இடுப்பிலிருந்து திருகி விட வேண்டும். பல்லை எப்போது விடுகிறோம் என்பதில்தான் வித்தை. சரியாக விட்டால் வலை காற்றில் வட்டமாக விரிந்து, ஓரம் முழுக்க ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். 'சொத்' என்று ஒரே சத்தம் கேட்கும். விடத் தெரியாதவன் விட்டால் ரெண்டு மூணு சத்தம். நீளவாக்கில் விழுந்திருக்கிறது என்று பார்க்காமலே தெரிந்துவிடும். அந்த இடுக்கில் மீன் போய்விடும். எங்கப்பா என்னைக் கரையில் முதுகைக் காட்டி நிற்கவைத்து, சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்வார்.

இந்த இடத்தில் வட்டம் ஆசைக்காகவும் இல்லை, சோம்பலுக்காகவும் இல்லை. இருக்கிற வலையில் அதிகத் தண்ணீரை மூட வேண்டும், அவ்வளவுதான்.


கெடிலக்கரையான் | கடலூர் | திங்கள், இரவு 9.05

தம்பி சொன்னது கணக்கிலும் சரி. 40 மீட்டர் கயிறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுரமாக வளைத்தால் உள்ளே 100 சதுர மீட்டர். வட்டமாக வளைத்தால் 127க்குக் கொஞ்சம் மேல். ஒரே கயிறுதான். வேறு எந்த வடிவத்தாலும் இதை மிஞ்ச முடியாது. பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கு, பரப்பு சட்டென்று வந்துவிடும் என்று நம் பழைய கணக்குச் செய்யுளே இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத என் தாத்தா அதை வைத்துக் களத்தை அளப்பார்.

மூடுவது என்றதும் நம்ம ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. கடலூர்க்காரர்கள் பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காக. 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினக் கோட்டையைச் செஞ்சியில் இருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. அதுதான் பிறகு செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டையோடு எவ்வளவு நிலம்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை. அப்படியே நாலாபுறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட ஊரெல்லாம் கம்பெனிக்குப் போயிற்று. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமம் என்றே பெயர். எங்கள் அலுவலகத்தில் மூத்த அளவையர் ஒருவர் அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறும். ஒரு சங்கிலி இழுக்கவில்லை, ஒரு கல் நடவில்லை. நடுவில் ஒருவன் நின்று நெருப்பு வைத்தான், அங்கே குடியிருந்தவர்களின் ஊர் கைமாறியது.

சுற்றி வளைப்பது என்ற சொல்லில் ரெண்டு அர்த்தமும் இருக்கிறது. வேலியும் அதுதான், முற்றுகையும் அதுதான்.


முந்திரிக்காடு | பண்ருட்டி | செவ்வாய், காலை 5.50

மூடுவது, வளைப்பது எல்லாம் சரி. ஆனால் எதையும் மூடாத ஒரு வட்டத்தைச் சொல்கிறேன்.

கார்த்திகைக்கு மாவளி சுற்றுவோம். ஆண்பனையின் பூவை வெட்டிக் காயவைத்து, குழி தோண்டிக் கொளுத்தி, சாம்பலாகிவிடாமல் மண் போட்டு மூடிவிட வேண்டும். மறுநாள் கரியாகக் கிடைக்கும். அதை அரைத்துத் தூளாக்கி, பழைய வேட்டித் துணியில் சுருட்டி இறுக்கிக் கட்டுவோம். மூன்றாகப் பிளந்த பனை மட்டைக்கு நடுவில் அதைச் செருகி, நுனியில் கயிறு. மேலே ஒரு துண்டு நெருப்பு வைத்துச் சுற்றினால் பொறி பறக்கும் பாருங்கள். வெறும் பொறிதான், ஆனால் இருட்டில் தலைக்கு மேல் நெருப்பு வட்டம் அப்படியே நிற்கும். 'மாவளியோ மாவளி' என்று கத்திக்கொண்டே சுற்றுவோம். கை வலித்தாலும் நிறுத்த மனம் வராது. நிறுத்தினால் வட்டம் போய்விடுமே.

கொள்ளிவட்டம் என்று இதற்குப் பழைய சொல்லே இருக்கிறது. இருப்பது ஒரு நெருப்பு, வட்டமாக்குவது நம் கண். அடுப்புப் பக்கம் போகிற எந்தப் பிள்ளையும் முனை கனிந்த குச்சி கிடைத்தால் முதலில் அதைச் சுழற்றித்தான் பார்க்கும். யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதில் என்ன லாபம்? என்ன எல்லை? ஒன்றும் இல்லை. அழகாக இருக்கிறது, அதனால் செய்கிறோம். இதற்கு மேல் ஏன் காரணம் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.


வில்லியனூர் மண் | புதுச்சேரி | செவ்வாய், பகல் 2.15

ரெண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். மண்பாண்டம் செய்கிற குடும்பம். இப்போது சுடுமண் பொம்மைதான் அதிகம், சக்கரம் சுற்றுவது குறைந்துவிட்டது. அப்பா போன பிறகும் நான் விடவில்லை.

இதுவரை எல்லோரும் கை சுற்றுவதையே பேசுகிறீர்கள். எங்கள் வேலையில் கை சுற்றாது. சக்கரம் சுற்றும், கை சும்மா இருக்கும். சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

பிசைந்த மண்ணைச் சக்கரத்தில் வைத்ததும் அது ஒரு பக்கம் தள்ளும். ரெண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடித்தால், மண் முதலில் கையைத் தட்டும், தட்டும், தட்டும். முழங்கையை இடுப்போடு சேர்த்துப் பிடித்து அசையாமல் இருந்தால், கொஞ்ச நேரத்தில் அந்தத் தட்டல் அடங்கும். சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் கைக்குள் மண் நிற்கிற மாதிரி இருக்கும். நடுவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு பெருவிரலை உள்ளே இறக்கினால் பானை தானாக வட்டமாக வரும். நடுவுக்கு வராமல் இறக்கினால் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் விளிம்பு கோணும். அப்பா திட்டுவது ஒரே வார்த்தைதான்: 'நடுவப் பாருடா.' விளிம்பைப் பார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில், பக்கத்தில் இருந்த பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த தட்டு ஓடுகள் வைத்திருக்கிறார்கள். மெல்லிய தட்டு, உள்பக்கம் அடியில் பொடிப்பொடியான வெட்டுகளால் வளையம் வளையமாக அலங்காரம். 1945ல் தொல்லியல்காரர் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமிலிருந்து வந்தது என்று நினைத்தாராம். பிறகு நம் நாட்டிலேயே செய்தது என்று தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது எனக்கு அந்த ஆள் தெரிந்தார். கருவியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு தட்டைச் சுற்ற விட்டிருக்கிறார். அந்த வளையத்தை அவர் கை போடவில்லை. அவர் அசையாமல் இருந்தார், வளையம் வந்தது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி, இங்கே, ஆற்றங்கரையில்.

அதனால் என் அபிப்பிராயம்: மனுஷனுக்கு ஆசை வட்டத்தின் மேல் இல்லை. நடுவின் மேல்.


மார்கழி வாசல் | திருப்பாதிரிப்புலியூர் | செவ்வாய், பகல் 3.00

தம்பி, கோலத்தில் புள்ளியைத்தான் முதலில் வைப்போம். இழை அப்புறம்தான். இதை நான் நேற்றே எழுதியிருக்க வேண்டும்.


பால்வாடி டீச்சர் | பண்ருட்டிப் பக்கம் | செவ்வாய், மாலை 4.45

பிள்ளையார் சுழியும் சுழியில்தான் ஆரம்பிக்கிறது. 'அ' எழுதினாலும் முதலில் ஒரு சுழி. பனையோலையில் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால்தான் எழுத்து உருண்டையாயிற்று என்று சொல்வார்கள். ஆனால் கல்லில் வெட்டிய தமிழ் பிராமியிலேயே 'வ' என்பது சின்ன வட்டமும் அதன் தலையில் ஒரு கோடும்தானே. கல்லில் வட்டம் வெட்டுவது என்ன சுலபமா?


முத்தியால்பேட்டைக்காரன் | புதுச்சேரி | செவ்வாய், இரவு 7.30

மண்பாண்ட அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு 'சோம்பல்' என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவர் அசையாமல் இருப்பதற்குப் படுகிற பாடு சோம்பலுக்கு நேர் எதிர்.

ஆனாலும் 'மனுஷனுக்கு' மட்டுமா? ஜப்பானில் அமாமி தீவுப் பக்கம் கடலடி மணலில் சுமார் 2 மீட்டர் விட்டத்தில் வரிவரியான வட்டங்கள் இருப்பதை 1995லேயே முக்குளிப்பவர்கள் கண்டார்கள். யார் போடுவது என்று ரொம்ப நாள் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால் ஒரு சின்னப் பேத்தை மீன். ஆண்மீன் ஒரு வாரத்துக்கு மேல் வாலையும் துடுப்பையும் ஆட்டி மணலை உழுது போடுகிறது. பெண்மீன் வந்து பார்த்து, பிடித்திருந்தால் நடுவில் முட்டையிடும். நடுவில்.


உப்பனாறு | கடலூர் முதுநகர் | செவ்வாய், இரவு 9.40

பேத்தை வலையில் வந்தால் நாங்கள் எடுத்து வீசிவிடுவோம். விஷம். இனிமேல் வீசும்போது கொஞ்சம் யோசிப்பேன்.

நம்ம கடற்கரையிலும் உண்டு. தண்ணீர் வற்றின நேரம் ஈர மணலில் பட்டாணி அளவு நண்டு, மணலைத் தின்று தின்று குட்டி உருண்டையாகத் துப்பும். வளையைச் சுற்றி எல்லாப் பக்கமும் கதிர் மாதிரி பரவியிருக்கும். மேட்டுப் பக்கம் ராவணன் மீசைப் புல். காற்றடிக்கும்போது அதன் நுனி மணலில் கீறிக் கீறிப் பாதி வட்டம், சில நாள் முழு வட்டமே போட்டுவைக்கும். வேர் ஒரே இடத்தில் இருக்கிறது, காற்று திசை மாறுகிறது.

எனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் நேற்று சொல்லவில்லை.

போட்டில் போகும்போது கரை மறையும் வரைக்கும் கடல் ஒரு பக்கமாக இருக்கும், கரை ஒரு பக்கமாக இருக்கும். கலங்கரை விளக்கமும் மறைந்துவிட்டால் அப்புறம் கடல் வட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே தூரம். தட்டில் வைத்த மாதிரி. முதல் தடவை போனபோது எனக்கு 14 வயசு. ரெண்டு மணி நேரம் ஓட்டியும் அந்த வட்டத்தின் ஓரம் கிட்டே வரவே இல்லை. நாங்கள் நடுவிலேயே இருந்தோம். பயந்து அப்பாவிடம் கேட்டேன், நகருகிறோமா இல்லையா என்று. 'நகர்றோம்டா, அதுவும் கூடவே வருது' என்றார். பக்கத்தில் இன்னொரு போட் தெரிந்தது. அவன் தன் வட்டத்தின் நடுவில் இருப்பான் இல்லையா என்று அப்போது தோன்றியது. இன்றுவரைக்கும் கடலுக்குப் போனால் அந்த எண்ணம் ஒருமுறை வந்துவிடும்.


கெடிலக்கரையான் | கடலூர் | செவ்வாய், இரவு 10.15

தம்பி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

அளவைக் கணக்கில் சொன்னால், தண்ணீருக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் கடல் விளிம்பு சுமார் 5 கிலோமீட்டர். நீ பார்த்தது 10 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டம். முளை நீதான்.

நாங்கள் தரையில் வட்டம் போட ஒரு முளை அடித்து, கயிறு கட்டி, மறுமுனையைச் சுற்றுவோம். மண்பாண்டக்காரருக்கு அச்சு, கோலத்துக்குப் புள்ளி, புல்லுக்கு வேர். சும்மா நிற்கிற ஆளுக்கு? தோளும் குதிகாலும்தான் முளை. நிற்கிற இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தைச் சுற்றிக் கீறினால் அதுவே வட்டம். 'இங்கே நிற்கிறேன்' என்பதை வேறு எந்தக் கோட்டால் சொல்வது? நேர்க்கோடு 'அங்கே போகிறேன்' என்றல்லவா சொல்லும். கடற்கரையில் அன்று உட்கார்ந்திருந்த யாருக்கும் எங்கேயும் போகிற அவசரம் இல்லை.

சனிக்கிழமை பேத்தி வருகிறாள். மூன்றரை வயசு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.


கெடிலக்கரையான் | கடலூர் | சனி, இரவு 8.30

போய்வந்தோம். ஒன்றும் சொல்லாமல் ஒரு சவுக்குக் குச்சியை மட்டும் கையில் கொடுத்தேன். டேப்பும் எடுத்துப் போயிருந்தேன், பழக்கம் விடவில்லை.

முதலில் குச்சியால் மணலைக் குத்தினாள். அப்புறம் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினாள், நீளமாக ஒரு கோடு. திரும்பிப் பார்த்தாள், பிடிக்கவில்லை போல. அங்கேயே நின்றாள். குச்சியை நீட்டி, தான் திரும்பத் திரும்ப மணலைக் கீறிக்கொண்டே ஒரு சுற்று வந்தாள். முக்கால் சுற்றில் தடுமாறினாள், விழவில்லை. ஆரம்பித்த இடம் வந்ததும் குச்சி கோட்டில் தட்டியது. நிறுத்தினாள். டீச்சர், நிமிர்ந்து பார்த்தாள்.

குறுக்கே அளந்தேன். ஒரு வாக்கில் 142 சென்டிமீட்டர், மறு வாக்கில் 137. அளவு என்றால் என்னவென்றே தெரியாத கைக்கு அஞ்சு சென்டிமீட்டர்தான் பிசகு.

அவள் வெளியே வந்த பிறகு உள்ளே குனிந்து பார்த்தேன். கோட்டைப் பார்க்கவில்லை, நடுவைப் பார்த்தேன். ஈர மணலில் இடது குதிகால் திருகித் திருகி ஒரு சின்னக் குழி. முளை அடித்த மாதிரி.


வில்லியனூர் மண் | புதுச்சேரி | சனி, இரவு 8.41

குழி எவ்வளவு ஆழம் சார்?


கெடிலக்கரையான் | கடலூர் | சனி, இரவு 8.50

அளக்க முடியவில்லை தம்பி. நான் டேப்பை நீட்டுவதற்குள் பக்கத்தில் அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள்.